‘சொல்லு’ என்று சொல்லக் கூடாத வீடு

அந்த அறையில் நாற்காலி கிடையாது. தரையில் ஒரு நீலப் பாய். சுவரில், குழந்தை உயரத்துக்கு இறக்கி மாட்டிய கண்ணாடி. அலமாரியில் மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பொம்மை தெரியும், ஆனால் சட்டென்று எடுக்க முடியாது.

பாயில் நாங்கள் மூன்று பேர். நான், என் மகள் ஆதிரை, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஷீபா. ஆதிரைக்கு அப்போது இரண்டரை வயது. அதுவரை என்னை ‘அம்மா’ என்று ஒரு தடவைகூட அழைத்ததில்லை.

ஷீபா ஒரு சின்ன பாட்டிலைத் திறந்து, வளையத்தை நனைத்து ஊதினார். சோப்புக் குமிழ்கள் பறந்தன. ஆதிரை துள்ளி எழுந்து, கைக்கு எட்டியதையெல்லாம் அடித்து உடைத்தாள். கடைசிக் குமிழும் உடைந்ததும் ஷீபா பாட்டிலை இறுக மூடி, அவள் முன்னால் வைத்தார். பிறகு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

ஆதிரை பாட்டிலை உருட்டினாள். மூடியைக் கடித்தாள். ஷீபா புருவத்தை மட்டும் உயர்த்தி, ஏதோ நல்ல சேதி வரப்போகிற மாதிரி குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏட்டி ஆதிரை, அக்காட்ட கேளு. ‘ஊதுங்க’ன்னு சொல்லு. சொல்லு பாப்போம். ஊ... து...”

ஷீபா என் பக்கம் திரும்பாமலேயே உள்ளங்கையை உயர்த்தினார். குற்றாலம் ரோட்டில் நான் வண்டிகளை நிறுத்துகிற அதே சைகை.

“அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க.”

இத்தனை வருடக் காவல் பணியில் எத்தனையோ அதிகாரிகள் என்னை அதட்டியிருக்கிறார்கள். என்னைவிட வயதில் சிறிய ஒரு பெண், அதட்டாமலே என் வாயை மூடியது அன்றுதான்.

கொஞ்ச நேரம் கழித்து ஆதிரை பாட்டிலை எடுத்து ஷீபாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். ஷீபா உடனே “ஊது!” என்றார். ஒரே ஒரு சொல். ஊதினார். மறுபடி மூடினார். மறுபடி காத்திருந்தார். முக்கால் மணி நேரமும் இதுதான் நடந்தது.

வெளியே பெஞ்சில் என் மாமனார் காத்திருந்தார்.

“என்னம்மா சொல்லிக் குடுத்தாவ?”

“ஒண்ணும் சொல்லிக் குடுக்கல மாமா. பபுள் ஊதுனாவ.”

“அத நம்மளே வாங்கி ஊதலாமே!”

எனக்கும் அதே எண்ணம்தான். பேச வைக்கத்தானே கூட்டிக்கொண்டு வந்தேன்? இந்தப் பெண் தானும் பேசவில்லை, என்னையும் பேச விடவில்லை. எங்கள் ஊரான இலஞ்சிக்குத் திரும்புகிற பஸ்ஸில், எதற்காக வந்தோம், என்ன வாங்கிக்கொண்டு போகிறோம் என்று ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பக்கங்களில் இதுவரை காக்கிச் சட்டைக் கதைகளையே எழுதிவந்திருக்கிறேன். இந்த வாரம் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் நடந்ததைச் சொல்கிறேன்.

மெயின் அருவி மைக்

அந்த நீலப் பாய்க்கு வந்து சேர்வதற்கு முந்தைய குற்றால சீசனில் நடந்தது இது.

சாரல் காலத்தில் மெயின் அருவிப் பக்கம் எனக்கு மைக் டூட்டி விழும். தவறிப்போன குழந்தைகளை யாராவது கூட்டிக்கொண்டு வந்து எங்களிடம் விடுவார்கள். பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் கேட்டு மைக்கில் சொல்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஏழெட்டுக் குழந்தைகளாவது வரும்.

அன்று பழக்கடைக்கார அம்மா ஒரு சிறுமியைத் தூக்கிவந்தார். ஈரக் கவுன், தலையெல்லாம் எண்ணெய், குளிரில் பற்கள் தந்தியடித்தன. பார்த்தால் இரண்டு வயதுகூட இருக்காது.

“பேரென்ன பாப்பா?” என்றேன்.

“கவிநயா.”

“அப்பா பேரு?”

“சத்தீசுகுமாரு. எங்க காரு வெள்ளைக் காரு. அண்ணன் என்னைய விட்டுட்டு ஓடிட்டான். அவன் கெட்டவன்.”

உடனிருந்த காவலர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் அவளுக்கு ரம்புட்டான் பழம் உரித்துக் கொடுத்தார். “மேடம், இவ வளந்து எஸ்.பி. ஆயிருவா” என்றார் இன்னொருவர்.

நான் மைக்கைக் கையில் பிடித்தபடி நின்றேன். பொத்தானை அழுத்தியிருந்தேன். குரல் வரவில்லை. வீட்டில் இருக்கும் என் பிள்ளைக்கு இவளைவிட நாலைந்து மாதம் கூடுதல். இந்தக் கூட்டத்தில் அவள் தொலைந்தால் யாரிடம் என்ன சொல்வாள்? யார் எதை மைக்கில் படிப்பார்கள்?

“லட்சுமி, என்ன ஆச்சு?” என்று ஏட்டு கேட்டார். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி மைக்கை அவரிடம் கொடுத்தேன்.

அதுவரை நான் ஒன்றும் தெரியாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. தெரிந்தும் தள்ளிப் போட்டேன். “அவ அப்பன் நாலு வயசுலதான் பேசுனான்” என்று மாமா சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. ராணுவத்தில் வடக்கே இருக்கும் என் கணவரும் போனில் அதையே சொல்லிச் சிரிப்பார்.

அந்த வாரமே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, திருநெல்வேலிக்குக் குழந்தை டாக்டரைப் பார்க்கப் போனேன்.

காது நல்லா இருக்கு, அப்புறம்?

முதலில் காதைப் பார்த்துவிடுவோம் என்றார் டாக்டர். அந்தப் பரிசோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர்களை ஒட்டினார்கள். ஒரு மணி நேரம் கணினித் திரையில் கோடுகள் ஓடின. பிடி தளர்ந்த ஆதிரையின் விரல்களை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“காது நல்லா கேக்குது” என்றார்கள்.

சந்தோஷப்படத்தான் வேண்டும். எனக்கோ அழுகை வந்தது. காதில் குறை என்றால் ஒரு கருவி உண்டு, மாட்டிவிடலாம். காதில் இல்லையென்றால் வேறு எங்கே?

டாக்டர் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாளா? சில நேரம். விரல் நீட்டிக் காட்டுவாளா? இல்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். மற்ற குழந்தைகளோடு விளையாடுவாளா? தெருவில் அவள் வயதுக்குக் குழந்தை இல்லை. கண்ணைப் பார்ப்பாளா? என் கண்ணைப் பார்ப்பாள். வேறு யாருடைய கண்ணை?

நான் தினமும் மற்றவர்களைக் கேள்வி கேட்டுச் சம்பாதிக்கிறவள். அன்று என் வாயிலிருந்து வந்ததெல்லாம் ‘சில நேரம்’, ‘தெரியல’, ‘இருக்கலாம்’. இப்படிப் பதில் சொல்கிற சாட்சியை நான் நம்பியிருக்கவே மாட்டேன்.

“டாக்டர், ஆட்டிசமா?” ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

“அத இப்பவே சொல்ல முடியாதும்மா. பேச்சு மட்டும் தாமதமாவும் இருக்கலாம். கொஞ்ச மாசம் கவனிப்போம். ஆனா பேரு தெரியணும்னு பயிற்சியத் தள்ளிப் போடாதீங்க. சின்ன வயசுலயே ஆரம்பிச்சா நல்லது.”

என்ன என்றே தெரியாத ஒன்றுக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது? இந்தக் கேள்வியை அவரிடம் கேட்கவில்லை. திரும்புகிற பஸ்ஸில் ஆலங்குளம் தாண்டுகிற வரைக்கும் என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஆளுக்கொரு காரணம்

சேதி தெரிந்ததும் ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

செல்போன்தான் காரணம் என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. வீட்டில் வேறு பிள்ளை இல்லாததுதான் என்றார் என் அக்கா. எதிர்வீட்டு அம்மா, தேனில் வசம்பைக் குழைத்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து, நாக்கில் தடவினால் பத்தே நாளில் பேசும் என்றார். சுரண்டையிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், “ஆத்தாக்காரி வீட்ல இருந்தாப் புள்ள பேசும்” என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை. நான் அடுப்படியில் இருக்கும்போது, எனக்குக் கேட்கிற மாதிரி மாமாவிடம் சொன்னார்.

மாமா பதில் சொல்லவில்லை. அவர் பொதுவாகவே பேசுகிற ஆளில்லை. சுந்தரபாண்டியபுரத்தில் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மருமகள் டூட்டிக்குப் போகிறாளே என்று பேத்தியைப் பார்த்துக்கொள்ள எங்களோடு வந்தவர். அத்தை இறந்த பிறகு ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினாலே அதிகம்.

அன்று அவர் பேசாமல் இருந்ததை நான், அவருக்கும் அதே எண்ணம்தான் என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவருக்குச் சோறு வைப்பேன், முகம் பார்க்க மாட்டேன்.

இதில் இன்னொரு குழப்பம். ஆதிரைக்குப் பாட்டு வரும்! போனில் கேட்ட ஆங்கில எழுத்துப் பாட்டை ஏ முதல் இசட் வரை ராகம் பிசகாமல் பாடுவாள். ‘தண்ணி’ என்று கேட்கத் தெரியாத வாயில் ‘டபிள்யூ’ வருகிறது. அதைக் காட்டி, “பாருங்க, பேசுதாள்லா?” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் சந்திப்பிலேயே ஷீபாவிடமும் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு கேட்டார்: “சரிக்கா, தண்ணி வேணும்னா என்ன செய்வா?”

“கேக்க மாட்டா. அவளுக்கு எப்ப தாகம்னு எங்க மாமாவுக்குத் தெரியும். முன்னாலயே குடுத்துருவாவ.”

ஷீபா அதைத்தான் அடிக்கோடிட்டார். எனக்கு ஏன் என்று விளங்கவில்லை.

மறுபடியும் நீலப் பாய்

வாரம் இரண்டு நாள். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம். பிள்ளையை விட்டுவிட்டு வெளியே காப்பி குடிக்கப் போகலாம் என்று நினைத்திருந்தேன். பெற்றவர்கள் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார் ஷீபா.

“என்கூட வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருப்பா. மிச்ச நேரமெல்லாம் உங்ககூடத்தான இருக்கா? பயிற்சி அவளுக்கு மட்டும் இல்லக்கா. உங்களுக்குந்தான்.”

எனக்கு முதல் பயிற்சியே கஷ்டமானது. ‘சொல்லு’ என்று சொல்லக் கூடாது. ‘இது என்ன, அது என்ன’ என்று கேட்கக் கூடாது. அவள் எதைப் பார்க்கிறாளோ அதற்கு ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். பிறகு மனசுக்குள் பத்து எண்ண வேண்டும்.

“பத்து எண்ணுனா?”

“சும்மா எண்ணுங்க. அவளுக்கு ஒரு இடம் வேணும்லா? நீங்க நிறுத்தாம பேசுனா அவ எங்க நுழைவா?”

வீட்டில் செய்து பார்த்தேன். பத்து என்பது எவ்வளவு நீளமான எண்ணிக்கை என்று அப்போதுதான் தெரிந்தது. நாலு வருவதற்குள் என் வாய் திறந்துவிடும்.

மொழி பற்றியும் கேட்டேன். இங்கிலீஷில் பேசவா, தமிழிலா? வலையில் ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார். “நீங்க வீட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க. ‘இங்கன வா’ன்னுதான கூப்பிடுவீங்க? அதான் அவளுக்கு மொழி” என்றார். வசம்பைப் பற்றிக் கேட்டதற்கு, “நாக்குல ஒரு குறையும் இல்ல. சாப்பிடுதா, பாடுதா. தடவ வேண்டாம்க்கா” என்றார்.

சொற்களுக்கு முன்னால் சைகை என்றார். இரண்டு கை விரல்களையும் குவித்துத் தட்டினால் ‘இன்னும் வேணும்’. இதைக் கற்றுக்கொடுத்தால் பிள்ளை கடைசி வரை கையாலேயே பேசுமோ என்று பயந்தேன். பேச்சு வந்ததும் சைகை தானாக உதிரும் என்றார் அவர். நம்பியும் நம்பாமலும் செய்தேன்.

மாமாவின் பிஸ்கட்

பெரிய சண்டை பிஸ்கட்டில் வந்தது.

ஆதிரைக்குப் பிடித்ததை அவள் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னார் ஷீபா. அவள் வந்து ஏதோ ஒரு வகையில் கேட்க வேண்டும். இழுக்கலாம், காட்டலாம், சத்தம் கொடுக்கலாம். கேட்ட உடனே கொடுத்துவிட வேண்டும், அழ விடக் கூடாது.

பிஸ்கட் டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு டூட்டிக்குப் போவேன். திரும்பி வந்து பார்த்தால் டப்பா காலியாக இருக்கும். கேட்டாளா என்றால் மாமா தலையைக் குனிந்துகொள்வார்.

ஒரு நாள் கத்திவிட்டேன்.

“மாமா, நான் வேலைக்கும் போயிட்டு, லீவுக்குக் கெஞ்சிட்டு, வாரத்துல ரெண்டு நாளு அலையுதேன். நீங்க இங்கன எல்லாத்தையும் கெடுத்து வச்சிருக்கிய!”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“புள்ளைக்கு வேணும்ங்கது எனக்குத் தெரியுதுல்லாம்மா. பொறவு எதுக்கு அவ கேக்கணும்?”

அதற்குமேல் என்னால் சண்டை போட முடியவில்லை.

அடுத்த தடவை மாமா தானும் உள்ளே வருகிறேன் என்றார். வேட்டியை மடித்துப் பாயின் ஓரத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்தார். ஷீபா ஒரு டப்பாவுக்குள் பிஸ்கட்டைப் போட்டு இறுக்கி மூடி, ஆதிரையிடம் கொடுத்தார். அவள் திருகிப் பார்த்தாள். முடியவில்லை. நேராகத் தாத்தாவிடம் வந்து அவர் மடியில் டப்பாவை வைத்தாள். அவர் கை மூடிக்குப் போனது.

“தாத்தா, ஒரு நிமிசம்” என்றார் ஷீபா மெதுவாக.

மாமாவின் கை அப்படியே நின்றது. ஆதிரை டப்பாவைப் பார்த்தாள். ஏன் திறக்கவில்லை என்று புரியாமல், தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கண்.

“இப்பத் தொறங்க! ‘தொற’ன்னு சொல்லிட்டே தொறங்க!”

“தொற” என்றார் மாமா.

“பாத்தீங்களாக்கா?” என்று ஷீபா என்னைக் கேட்டார்.

“எத?”

“மூடியப் பாத்தா, தாத்தாவப் பாத்தா. முன்னால அவளுக்கு டப்பா மட்டுந்தான் தெரிஞ்சுது. இப்ப டப்பாவத் தொறக்குத ஆளும் தெரியுது. பேச்சு இங்கனதான் தொடங்கும்.”

நான் தலையாட்டினேன். உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை தாத்தாவைப் பார்த்தது. தினமும்தான் பார்க்கிறது.

கிளம்பும்போது மாமா வாசலில் தயங்கி நின்றார். நான் செருப்பு போடுகிற சாக்கில் குனிந்திருந்தேன். அவர் ஷீபாவிடம் கேட்டது காதில் விழுந்தது.

“எம்மா, ஒண்ணு கேக்கட்டா? நான் அதிகமாப் பேச மாட்டேன். பகலெல்லாம் புள்ள எங்கூடத்தான் இருக்கு. என்னாலயாம்மா இப்பிடி ஆச்சு?”

சொந்தக்காரர் என்னைக் குத்திப் பேசிய அன்று மாமா ஏன் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன்னையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

“உங்களாலயும் இல்ல தாத்தா, அவங்க வேலைக்குப் போறதாலயும் இல்ல” என்றார் ஷீபா. “காரணம் தேடுத நேரத்துல, அவகூடத் தரையில உக்காருங்க. அது போதும்.”

அன்று பஸ்ஸில் மாமாவுக்கு ஜன்னலோர சீட்டைக் கொடுத்துவிட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரவு அவர் முகம் பார்த்துச் சோறு வைத்தேன்.

நோட்டுப் புத்தகத்தில் கோடுகள்

பிறகு பல வாரங்கள் ஒன்றுமே நடக்கவில்லை.

ஷீபா ஒரு நோட்டு போடச் சொல்லியிருந்தார். என்ன செய்தாள், எப்படிக் கேட்டாள் என்று தினம் ஒரு வரி. ‘கையை இழுத்தாள்.’ ‘கையை இழுத்தாள்.’ ‘இன்னும் வேணும் சைகை, ஒரு தடவை.’ ‘இல்லை.’ ‘இல்லை.’ இப்படியே பக்கங்கள் போயின. ஒரு வாரம் சைகை நிறைய வரும். அடுத்த வாரம் காய்ச்சல் வந்து, எல்லாவற்றையும் மறந்த மாதிரி இருப்பாள்.

முன்னேறுகிறாளா, நிற்கிறாளா, பின்னால் போகிறாளா? ஷீபாவிடம் கேட்டால், “மூணும் உண்டுக்கா, மாத்தி மாத்தி வரும்” என்பார். “எப்பப் பேசுவா?” என்றால், “தேதி சொல்ல மாட்டேன். சொன்னாப் பொய் சொன்னதாயிரும்” என்பார்.

என் கணவர் போனில், “மூணு மாசத்துல பேச வச்சிருவாங்களாம், ஒரு இடம் இருக்காம். கேரண்டியாம்” என்றார். ஆசை யாரை விட்டது? ஒரு நாள் போனேன். ஊர் பெயர் வேண்டாம். அங்கே ஆதிரையை ஒரு மேஜை போட்ட நாற்காலியில் உட்கார வைத்து, முகத்தைத் திருப்பிப் பிடித்து, “அம்மா சொல்லு, அம்மா சொல்லு” என்றார்கள். சொன்னால் மிட்டாய். அவள் வீறிட்டு அழுதாள். என் வீட்டில் நான் முன்பு செய்துகொண்டிருந்ததும் கிட்டத்தட்ட இதுதான் என்று பார்த்துக்கொண்டே நின்றபோது தோன்றியது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஷீபா செய்வது முழுதும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நீலப் பாய்க்கு ஆதிரை செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுகிறாள், நாம் இழுக்க வேண்டியதில்லை. அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் மாமா மாறியிருந்தார். காலையில் இட்லித் தட்டோடு தரையில் உட்கார்ந்து, “இட்லியா? பழமா?” என்று இரண்டையும் தூக்கிக் காட்டுவார். பிறகு உதடு அசைய எண்ணுவார். என்னால் நாலு வரை எண்ண முடியாத இடத்தில் அவர் பதினைந்து வரை போவார். அதிகம் பேசாத மனிதருக்குக் காத்திருப்பது எளிதாக வந்தது. எங்கள் வீட்டில் ஷீபாவுக்குப் பிடித்த மாணவர் அவர்தான்.

அந்தக் காலை

இப்போது ஆதிரைக்கு நாலு வயதாகப் போகிறது. இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறாள். சில சொற்கள் எங்களுக்கு மட்டும்தான் விளங்கும். கூட்டமாக இருந்தால் காதைப் பொத்திக்கொள்கிறாள். பயிற்சி இன்னும் தொடர்கிறது. டாக்டர் இன்னும் எந்தப் பெயரும் வைக்கவில்லை, அடுத்த வருடம் மறுபடி பார்ப்போம் என்கிறார். பயிற்சியால் பேசினாளா, எப்படியும் பேசியிருப்பாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இப்படித் தெரியாமலே இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

முதல் சொல் வந்த காலையை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வயது முடிந்து சில வாரங்கள். மறுபடியும் சீசன். வெளியே சாரல் தூவிக்கொண்டிருந்தது, காற்றில் ஈர மண் வாசனை. காலை ஆறு மணிக்கு ஐந்தருவியில் நிற்க வேண்டும். சீருடை போட்டு, பெல்ட் மாட்டி, வாசல் பக்கம் வந்தேன். ஆதிரை வழக்கத்துக்கு மாறாக எழுந்து வந்து கதவோரம் நின்றாள். தலைமுடி ஒரு பக்கம் படிந்து, கண்ணில் தூக்கம்.

என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

“போ” என்றாள்.

அடுப்படியிலிருந்து வந்த மாமா தேநீர் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார்.

“எம்மா, பேசிட்டா! ‘போயிட்டு வா’ன்னு சொல்லுதா!”

மூன்று வருடமாகக் காத்திருந்த சொல். அது ‘அம்மா’ இல்லை. ‘போ.’ சந்தோஷப்படுவதா, என்னைப் போகச் சொல்கிறாளே என்று வருந்துவதா? எதுவும் தெரியாமல் நின்றேன். ‘என்னட்டி சொன்ன? இன்னொரு தடவ சொல்லு’ என்று நாக்கின் நுனி வரை வந்துவிட்டது.

சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்தேன். அவள் முகத்துக்கு நேராக என் முகம். எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, ஸ்டேஷனிலிருந்துதான். எடுக்கவில்லை. ஆறு. ஏழு.

ஆதிரை குனிந்து, நான் எடுத்து வைத்திருந்த ஷூவில் ஒன்றைத் தூக்கினாள். அவளுக்கு அது கனம். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். திரும்பி வந்து மற்றதையும் எடுத்துப் போய்த் தள்ளினாள். பிறகு என் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைப் பலமாக ஆட்டினாள்.

“போ... போ...”

மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

“அது ‘போ’ இல்ல மாமா” என்றேன். “‘போவாத’ன்னு சொல்லுதா. மிச்சம் இன்னும் வாயில வரல.”

அவளைப் பார்த்து ஒரு சொல்லைச் சொன்னேன். “போவல.”

அவள் என் மடியில் ஏறி உட்கார்ந்து, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் சாரலைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தோம். அவள் மறுபடி தூங்கிப்போன பிறகுதான் மாமா கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஷூவை எடுத்துக் கொடுத்தார்.

ஐந்தருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது முக்கால் மணி நேரம் தாமதம். ஏட்டு கடிகாரத்தைக் காட்டினார்.

“என்ன லட்சுமி, போனையும் எடுக்கல?”

“பேசிக்கிட்டிருந்தேன் சார்.”

“யார்கூட?”

“எம் மககூட” என்றேன்.